ஒன்பது எழுத்துப் பெயர்

அந்த வராந்தாவில் அன்று இருந்தவர்கள்: வீட்டுக்கார அம்மாள், எழுபதைத் தாண்டியவர். அந்த அம்மாளின் தம்பி, காது மந்தம். ஒரு நாய், கட்டவில்லை. அவர். நான். அவருடைய மகனும் வந்திருக்க வேண்டும். ஆபீசில் மீட்டிங் என்று வரவில்லை.

இடம் லூசியானாவில் லேக் சார்ல்ஸ் பக்கம். வருஷம் தொண்ணூற்று ஆறோ ஏழோ. வெளியே வேனில் நாலு ஐஸ் பெட்டி நிறைய இறால் இருந்தது.

‘அவர்’ என்றே எழுதுகிறேன். சொந்தப் பெயரை எழுதப்போவதில்லை. குடும்பப் பெயரை மட்டும் எழுதாமல் முடியாது. பேச்சே அதைப் பற்றித்தான்.

டெக்சஸில் சுகர் லேண்டில் ஒரு இந்திய மளிகைக் கடை. அங்கே பின்கட்டில் மீன் வெட்டுவது என் வேலை. எனக்கு ஊர் விழுப்புரம் பக்கம். படிப்பு ஐந்தாவது. கப்பலில் சமையல் செய்துகொண்டிருந்துவிட்டு இங்கே வந்தவன். வியாழக்கிழமை தோறும் கடை வேனை எடுத்துக்கொண்டு பத்தாம் நம்பர் ஃப்ரீவேயில் கடலோர ஊர்களுக்குப் போய் இறாலும் நண்டும் மீனும் வாங்கி வருவேன். அவர் என்னோடு வருவார். மீனுக்காக இல்லை. போன் புத்தகத்தில் தன் குடும்பப் பெயரைத் தேட.

அந்த நாளில் பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷனுக்குக் கேஸ் ஸ்டேஷன் போன் பூத் இருக்கும். புத்தகத்தைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அவர் முதலில் கையைக் கைக்குட்டையில் துடைப்பார். புத்தகத்தைத் திறந்தால் ஒரே திறப்பில் ‘எம்’ வந்துவிடும். கைக்குப் பழகிய இடம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விரலை மேலிருந்து கீழே இறக்குவார். பிறகு மூடுவார். சங்கிலியில் சிக்கல் இருந்தால் எடுத்துவிடுவார். வேனில் ஏறி, “பூஜ்யம்” என்பார். மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொல்வார்.

பக்கம் கிழிந்திருந்தால்தான் கோபம் வரும்.

“அடுத்த பூத்துக்கு வுடுங்க தம்பி.”

“அதான் இல்லன்னு ஆயிடுச்சே ஐயா.”

“இல்லன்னு ஆகல. கிழிஞ்சிருக்கு. பூஜ்யம் வேற, தெரியாதுன்றது வேற.”

இதை எனக்கு எத்தனை முறை சொன்னார் என்று தெரியாது. நான் எண்ணவில்லை. எண்ணுவது அவர் வேலை.

சட்டைப்பையில் ஒரு நோட்டு. ஊர், தேதி, எத்தனை. ‘தெரியாது’ என்ற ஊர்களுக்குத் தனிப் பக்கம். மார்சேய், துலோன் என்று பிரான்சு ஊர்களும் அதில் இருந்தன. இருபது வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர். அப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். பட்டாளம் எந்த ஊரில் இறக்கினாலும் முதலில் தபாலாபீசுக்குப் போய் போன் புத்தகம் கேட்பாராம். கூட இருந்தவர்கள் வேறு இடங்களைக் கேட்டுக்கொண்டு போனார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஓய்வு பெற்றபின் புதுச்சேரி. மனைவி போனபின் மகனிடம் சுகர் லேண்டுக்கு வந்துவிட்டார்.

யாரைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். “உங்க பேர்ல எத்தன பேரு இருக்காங்க?” கடையில் பில் போடும் பெண்ணைக் கேட்டார். பல் டாக்டரை, வாயைத் திறந்துகொண்டே கேட்டார். என்னையும் கேட்டார்.

“ஏழுமலைன்னு எங்க ஊர்ல தெருவுக்கு மூணு பேரு ஐயா” என்றேன்.

மறுநாள் வந்தார். “ஹூஸ்டன் புக்குல ரெண்டு ஏழுமலை. அதுல நீங்க இல்ல.”

“போன் முதலாளி பேருல இருக்குது.”

“அப்போ நீங்க கணக்குல வரல தம்பி” என்றார். நிஜமாகவே கவலைப்பட்டுச் சொன்னார்.

ஒரு தடவை கடை வாடிக்கையாளர் ஒருவர் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போனோம். வாசலில் வந்தவர்கள் கையெழுத்துப் போடும் புத்தகம் வைத்திருந்தார்கள். அவர் அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளியின் சம்சாரம் வந்து, “அங்கிள், இது சாவு வீடு” என்றார்.

“மன்னிச்சுக்கம்மா” என்று எழுந்தார். என் பக்கத்தில் வந்து நின்று, சத்தம் இல்லாமல், “படேல் முப்பத்திரெண்டு” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் பயமாக இருந்தது.

இன்னொரு தடவை பூமான்ட் தாண்டி, வேகமாகப் போனதற்காகப் போலீஸ்காரர் வேனை நிறுத்தினார். நான் லைசன்ஸ் எடுப்பதற்குள் இவர் ஜன்னல் வழியாக எட்டி, போலீஸ்காரர் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு பிரெஞ்சில் ஏதோ கேட்டார். போலீஸ்காரர் சிரித்தார். தன் தாத்தா பிரெஞ்சு பேசுவாராம், தனக்கு நாலு வார்த்தைதான் வருமாம். அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். சீட்டு எழுதாமல் அனுப்பிவிட்டார்.

“என்னா கேட்டீங்க?”

“அவன் பேர்ல எத்தன பேருன்னு. ஒரு தாலுக்காவே இருக்குதாம்.” கொஞ்ச தூரம் போனதும், “குடுத்து வச்சவன்” என்றார்.

இவருடைய குடும்பப் பெயர் மெலாந்தே. அப்படித்தான் சொல்வார், மூக்கால். எழுதினால் ஒன்பது எழுத்து. எம், இ, எல், ஏ, என், டி, ஏ, ஐ, எஸ். கடைசி எஸ் எழுத மட்டும், சொல்ல இல்லை. அமெரிக்காக்காரர்கள் அதையும் சேர்த்துச் சொல்வார்கள். ஒருவர் சொன்னதுபோல் ஒருவர் சொன்னதில்லை.

பெயர் வந்த கதையை வேனில் சொன்னார். கொள்ளுத் தாத்தா காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். உன் சாதி வழக்கம், சொத்து வழக்கம் எல்லாம் வேண்டாம் என்று எழுதிக்கொடு. பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் பிரெஞ்சுக்காரனைப்போல் ஒரு குடும்பப் பெயர் வேண்டும், பிள்ளைக்குப் பிள்ளை தொடர்கிற மாதிரி. கொள்ளுத் தாத்தா எழுதிக்கொடுத்தார். பெயர் எங்கிருந்து வந்தது? ஒரு துரைக்கு அவர்மேல் பிரியம், தன் பெயரையே கொடுத்தார் என்பது வீட்டில் சொல்லிவந்த கதை.

“அப்போ அந்தத் துரை வீட்டு ஆளுங்க பிரான்சுல இருக்கணுமே” என்றேன்.

“அதான் தம்பி. இருக்கணும். இல்ல. நாப்பது வருஷமா பாக்கறேன். பிரான்சு முழுக்க மூணே பேரு. மூணும் நம்ம வீட்டு ஆளுங்க.”

மொத்தம் பதினொரு பேர் என்றார். புதுச்சேரியில் ஆறு, பிரான்சில் மூன்று, சுகர் லேண்டில் இரண்டு. உலகத்திலேயே அவ்வளவுதான். ஒரு பெயர் ஒரே வீட்டில் எப்படி முளைக்கும் என்பது அவர் கேள்வி. லூசியானாவில் பழைய பிரெஞ்சுக் குடும்பங்கள் நிறைய. துரையின் பங்காளிகள் அந்தப் பக்கம் போயிருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை.

மகனுக்கு முப்பது வயது. எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். நல்ல மாதிரி. ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். நான் கொடுவா வெட்டிக்கொண்டிருந்தேன். பேச்சு பின்கட்டுவரை வந்தது.

“பப்பா, சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ அடுத்த மாசம். ஃபார்ம்ல நேம் சேஞ்ச் பண்ணிக்கலாம்னு இருக்கு. நான் பண்ணப்போறேன்.”

“எதுக்கு?”

“எதுக்கா? போன்ல பேசறப்போ ஒரு மரியாத, நேர்ல பாத்தா ஒரு முழி. பிரெஞ்சுக்காரன் எங்கன்னு என் பின்னாடி தேடறான். சரி, அவன விடுங்க. தமிழ்ச் சங்கத்துல லிஸ்ட்ல பேரப் பாத்துட்டு எங்கிட்ட மட்டும் இங்கிலீஷ்ல பேசறாங்க பப்பா. பொங்கலுக்குப் போனா, ‘திஸ் இஸ் பொங்கல், வெரி டேஸ்ட்டி’ன்னு எனக்கு வெளக்கறாங்க.”

நான் குனிந்துகொண்டேன்.

“பேரு என்னா பண்ணும் அதுக்கு?”

“துரை குடுத்த பேரு. அந்தத் துரையே இல்ல. நீங்களே சொல்றீங்க, பூஜ்யம்னு. இல்லாத ஒருத்தன் பேர நான் எதுக்குத் தூக்கணும்?”

மகன் குரலைத் தணித்துக்கொண்டான். “சரி. ஒரு டீல். நம்ம வீட்டு ஆளா இல்லாம ஒரே ஒருத்தர். இதே ஸ்பெல்லிங். காட்டுங்க. நான் மாத்தல.”

“சரி” என்றார். என்னைப் பார்த்தார். “ஏழுமலைத் தம்பி, எத்தன வியாழக்கிழம இருக்கு?”

நாலு இருந்தது.

முதல் வாரம் பூமான்ட். ஊரில் இருந்த பூத்தெல்லாம் பார்த்தோம். பூஜ்யம். இரண்டாவது வாரம் போர்ட் ஆர்தர். பூஜ்யம். அங்கே கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் கூட்டிப்போனார். ஐஸ் கரைகிறது என்றேன். “செத்தவங்க கணக்குல வரமாட்டாங்க. ஆனா வந்த வழி தெரியும்” என்று வரிசை வரிசையாகப் படித்தார். அன்று இறாலில் பாதி வாடிப்போனது. முதலாளி என்னைத் திட்டினார். நான் அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் லேக் சார்ல்ஸ். கேஸ் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவர் பூத்துக்குள் நின்றிருந்தார். விரல் பக்கத்தின்மேல் இருந்தது. நகரவில்லை. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும். ஒன்பதையும் எண்ணினேன். சரியாக இருந்தது.

“போன் பண்ணுங்க” என்றேன்.

“நம்பர நான் படிக்கறேன். நீங்க அழுத்துங்க.”

அந்த அம்மாள் எடுத்தார். அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார். திரும்பும்போது இவர் நோட்டில் பென்சிலால் பதினொன்றுக்குப் பக்கத்தில் ‘பன்னிரண்டு?’ என்று எழுதினார். கேள்விக்குறியைப் போட மறக்கவில்லை.

அப்படித்தான் அந்த வராந்தாவுக்கு நாங்கள் போனது. இன்டர்வியூவுக்கு நாலு நாள் இருந்தது.

அம்மாள் கறுப்புக் காபி கொடுத்தார். வெள்ளைக்காரப் பெண்மணி, நல்ல உயரம். இரண்டு பேரும் பிரெஞ்சில் பேசினார்கள். இவருடைய பிரெஞ்சு பட்டாளத்துப் பிரெஞ்சு. அம்மாளுடையது அந்த ஊர்ப் பழைய பேச்சு. ஒருவர் சொன்னதை ஒருவர் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டார்கள். அவ்வப்போது இவர் எனக்குத் தமிழில் சொன்னார். “இவங்க தாத்தா கரும்புத் தோட்டத்துல கணக்கரா இருந்தாராம்.” நோட்டு நிறைந்துகொண்டே வந்தது.

அப்போது தம்பி உள்ளிருந்து வந்தார். என்ன விஷயம் என்று சத்தமாகக் கேட்டார். அம்மாள் போன் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். தம்பி புத்தகத்தைத் தூர வைத்துப் படித்தார்.

“மேலண்டே?” என்றார். “யாரது மேலண்டே?” சிரித்தார். பேனாவை எடுத்து நடுவில் இருந்த ‘ஏ’யை ‘ஓ’ ஆக்கினார். இவர்கள் குடும்பத்துக்கு அந்த இடத்தில் ‘ஓ’தானாம். புத்தகத்தில் தப்பாக விழுந்துவிட்டது. மூன்று வருஷமாக அப்படியேதான் வருகிறது.

இவர் காபியைக் கீழே வைத்தார்.

அம்மாள் தம்பியின் கையில் ஒரு அடி போட்டார். பிறகு இவரைப் பார்த்து நிறையப் பேசினார். இவர் தலையை ஆட்டினார். கை கூப்பினார். எழுந்துகொண்டார்.

வேனில் ஏறிய பிறகுதான் கேட்டேன். “அந்தம்மா என்னா சொன்னாங்க?”

“பையன் சமாசாரத்த போன்லயே சொல்லியிருந்தேன். ‘எனக்கு யாரும் போனே பண்றதில்ல, அந்தத் தப்பான பேருக்குத்தான் ஒருத்தர் பண்ணாரு, அதுவே இருந்துட்டுப் போவட்டும், வேணும்னா என் பேரு அதுதான்னு கையெழுத்துப் போட்டுத் தரேன்’னாங்க.”

“வாங்கியிருக்கலாமே ஐயா.”

“வாங்கி?”

“புஸ்தகத்துலயும் இருக்குது. அவங்களும் எழுதித் தராங்க. உங்க பையனுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே” என்றார். ரப்பர் எடுத்தார். பன்னிரண்டை அழித்தார். “நான் எண்ணறவன் தம்பி. உண்டாக்கறவன் இல்ல.”

மாநில எல்லைப் பாலம் வந்தது, போனது.

எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. முப்பது மைல் யோசித்தேன். அந்த அம்மாளின் தம்பி படித்த சத்தம். இவர் மூக்கால் சொல்லும்போது ஒரு நாளும் தோன்றவில்லை. அந்த ஆள் அழுத்திச் சொன்னபோது தோன்றியது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. தப்பாக இருந்தால் என்ன செய்வது என்றும் இருந்தது.

“ஐயா, எங்க ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு வீடு இருந்தா மேலண்ட வீடு, கீழண்ட வீடுன்னு சொல்லுவோம்.”

“ம்.”

“மேலண்ட.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

“மேலண்ட.”

“வண்டிய நிறுத்துங்க.”

அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தினேன். அவர் இறங்கிப் போய் ஐஸ் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டார். மேலண்ட என்றார். மெலாந்தே என்றார். மாற்றி மாற்றிச் சொன்னார். கேஸ் போட வந்த ஒரு பெண் தன் குழந்தையைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தார். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். கண்ணெல்லாம் வேறு மாதிரி இருந்தது.

“எதுக்கு மேலண்ட?” என்றார்.

“என்னாது?”

“மேலண்டன்னா எதுக்காவது மேற்கால இருக்கணும் இல்ல? எதுக்கு? வாய்க்காலுக்கா? கோயிலுக்கா?” கதவைச் சாத்தினார். “இதுவும் உங்க காது சொல்றதுதான். ஆதாரம் வேணும்.”

கடைக்கு வந்ததும் புதுச்சேரியில் இருக்கும் தன் தம்பியைப் போனில் கூப்பிட்டார். பெயர் எடுத்தபோது எழுதிய பத்திரம் தம்பியிடம் இருந்தது. இவரிடம் இருந்தது டைப் அடித்த நகல்தான், பட்டாளத்தில் சேர வாங்கியது. அதில் முழுக்கப் பிரெஞ்சு. சனிக்கிழமை காலை கடை ஃபேக்ஸில் அசல் வந்தது. மேலே பிரெஞ்சு. அடியில் ஒரு வரி தமிழ், பழைய கையெழுத்து, புள்ளியே வைக்காமல். இவர் படித்ததெல்லாம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். தமிழ் அச்சில் இருந்தால் எழுத்துக் கூட்டுவார். கையெழுத்து வராது. அந்த வீட்டில் யாருக்குமே வராது என்றார். ஃபேக்ஸை என்னிடம் நீட்டினார்.

கையைக் கழுவிக்கொண்டு வாங்கினேன். எங்கள் ஊர் கணக்குப்பிள்ளை எழுத்து அப்படித்தான் இருக்கும். ஒரு பெயர். அடுத்து அப்பன் பெயர். அதற்கு அடுத்து இரண்டு சொல். இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னேன்.

“மேலண்டை வீடு.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எந்தக் குடும்பம்னு பிரெஞ்சுக் கிளார்க்கு கேட்டிருப்பான். கேட்டதுக்குப் பதில் சொல்லியிருக்காரு கொள்ளுத் தாத்தா, அவன் அதையே பேரா எழுதிட்டான்” என்றார். ஃபேக்ஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “துரையெல்லாம் யாரும் இல்ல” என்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அப்போ கீழண்ட வீட்டுக்காரங்க எங்க போனாங்க?”

மகன் அரிசி வாங்க வந்தான். இவர் எழுந்து நின்றுதான் சொன்னார்.

“தோத்துட்டேன். அந்தம்மாவுக்கு ‘ஓ’. புக்குல தப்பு. வெளிய யாரும் இல்ல. பூஜ்யம். நீ மாத்திக்க.” ஃபேக்ஸைக் கொடுத்தார். “இது சும்மா பாக்கறதுக்கு. ஏழுமலை படிச்சாரு.”

நான் படித்துக் காட்டினேன். மகன் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இது எது என்று ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் கேட்டான். சொன்னேன். பில் போடும் பெண் இரண்டு தடவை கூப்பிட்டாள். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். மாற்றப்போகிறேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை இன்டர்வியூவுக்குத் தனியாகவே போனானாம்.

அதன்பிறகு சில மாதம் இவர் வியாழக்கிழமை வந்தாலும் பூத் பக்கம் போகவில்லை. வேனிலேயே உட்கார்ந்திருப்பார். கேட்டால், “பாத்தாச்சு” என்பார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜட்ஜ் முன்னால் சிட்டிசன்ஷிப் உறுதிமொழி எடுத்த அன்று மகன் நேராகக் கடைக்கு வந்தான். கோட்டு போட்டிருந்தான். இவர் பின்கட்டில் என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுது பப்பா.”

“மாத்திட்டியா?”

“மாத்திட்டேன்.”

“சரி.” டீயைக் குடித்து முடித்தார். நோட்டை எடுத்தார். “என்னா பேரு? ஸ்பெல்லிங் சொல்லு.”

“எம். இ. எல். ஏ. என். டி. ஏ. ஐ.”

பென்சில் நின்றது.

“எஸ்?”

“இல்ல. அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கிளார்க்கு போட்டது அது. அத மட்டும் எடுத்துட்டேன். இப்ப யார் வேணாலும் படிக்கட்டும் பப்பா, மேலண்டைதான் வரும்.”

இவர் மகனைப் பார்த்தார். எழுதியதைப் பார்த்தார். எழுந்து முன்கட்டுக்குப் போனார். பில் போடும் பெண்ணிடம் ஹூஸ்டன் போன் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன பப்பா பண்றீங்க?”

“இரு. இந்த ஸ்பெல்லிங் நான் பாத்ததே இல்ல.”

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. விரல் மேலிருந்து கீழே இறங்கியது. புத்தகத்தை மூடினார். நோட்டில் பழைய பக்கத்தைத் திருப்பிப் பதினொன்றை அடித்துப் பத்து என்று எழுதினார். புதுப் பக்கம் எடுத்தார். தலைப்பில் எட்டு எழுத்து. அடியில் எண்ணிக்கை.

ஒன்று.